பதினான்கு வீடுகளுக்கு இருமுறை போனதற்கான விளக்கம்

குழித்துறை,
புதன்கிழமை மாலை.

கோட்டாற்றில் இரும்புக்கடை நடத்திவரும் என் வருங்காலச் சம்பந்தி திரு. சுந்தரராஜ் அவர்களுக்கு, ஏசுஅடிமை எழுதுவது.

தேவகிருபையால் இங்கே நானும் என் மனைவி சத்தியபாயும் மகள் ஜெஸ்மியும் சுகமாயிருக்கிறோம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் மாப்பிள்ளை ஷிஜினும் அவ்வாறே இருக்க வேண்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் உங்கள் குரலுக்கு இருந்த பலத்தைப் பார்த்தால் உங்கள் சுகத்துக்குக் குறைவில்லை என்றே தெரிகிறது. அதற்காகவும் ஸ்தோத்திரம்.

அன்று நீங்கள் கேட்டது இதுதான். "ஒரு வீட்டுக்கு ஒரு வட்டந்தானே கார்டு கொண்டு போவாவ? நீங்க ஏன் பதினாலு வீட்டுக்கும் ரெண்டு வட்டம் போனிய? கல்யாணத்துல வல்ல மாற்றமும் உண்டா?" நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. வைத்ததும் நல்லதுதான். இந்தப் பதிலில் எண்கள் வருகின்றன, எண்களைப் போனில் சொன்னால் நிற்காது. ஆகையால் எழுதுகிறேன். கல்யாணத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலையில்தான் எங்கள் சபையில் கல்யாண அறிவிப்பின் முதலாம் ஓலை வாசித்தார்கள். "இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல விரும்புகிறவர்கள் இருந்தால் தெரிவிக்கலாம்" என்று போதகர் அய்யர் கேட்டபோது யாரும் எழும்பவில்லை. சத்தியபாய்க்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது, சபையில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். அது வெறும் இருமல்தான்.

இனி காரணத்துக்கு வருகிறேன். நிச்சயத்தன்று பந்தி முடிந்தபின் நீங்கள் எழுந்து, எல்லாரும் கேட்க, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். பிள்ளைகளுக்கு போக வர ஒரு காரு, அவ்வளவுதான்" என்றீர்கள். 'ஒண்ணும் வேண்டாம்' என்பதற்கும் 'ஒரு காரு' என்பதற்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடித்தீர்கள். உடனே திருவட்டாற்றில் இருக்கும் உங்கள் தங்கை, எலெக்ட்ரிக் கார்தான் நல்லது, ஓட்டச் செலவே இல்லை என்றார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், எலெக்ட்ரிக் கார் மெட்ராஸ் போகிற வழியில் நின்றுவிடும், பெட்ரோல்தான் நல்லது என்றார். இரண்டு பேரும் கொஞ்சம் சத்தம் கூட்டினார்கள். அப்போது நீங்கள் கையை உயர்த்தி, "அதை சம்பந்தியே விசாரிச்சு நல்லதா ஒண்ணு பாக்கட்டு" என்று முடித்துவைத்தீர்கள். மற்றவர்கள் அதைப் பேச்சுக்குச் சொன்னது என்று எடுத்திருக்கலாம். நான் அப்படி எடுக்கவில்லை.

உங்களுக்குத் தெரியும், நான் பேச்சிப்பாறை அணையில் முப்பத்தொரு வருஷம் காலை ஆறு மணிக்கு நீர்மட்டம் பார்த்து நோட்டில் எழுதியவன். அந்த வேலையில் ஒரே ஒரு பாடம்தான் உண்டு. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே கோலால் அளந்தால்தான் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் வித்தியாசம். ஆகையால் இரண்டு காரையும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒரே பாதையில், ஒரே ஆட்களையும் ஒரே பாரத்தையும் ஏற்றிக்கொண்டு, அதே இடங்களில் நின்று நின்று ஓட வேண்டும். கல்யாணக் கார்டு கொடுக்க எப்படியும் கார் வேண்டியிருந்தது. எங்கள் அடுத்த வீட்டுத் தாணு, பள்ளிக்கூட வாத்தியார், போன வருஷம் ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறார். சத்தியபாயின் தம்பி ஆன்ட்ரூஸிடம் பன்னிரண்டு வருஷப் பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. முதல் சனிக்கிழமை தாணுவின் கார், அடுத்த சனிக்கிழமை ஆன்ட்ரூஸின் கார் என்று ஏற்பாடு. அருமனை, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்கு மேலே எஸ்டேட் வரை போய், திருவட்டாறு, தக்கலை வழியாகத் திரும்ப வேண்டும். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், பதினான்கு வீடுகள். இரண்டு வட்டமும் அதே பதினான்கு. வேறு வீடுகளுக்குப் போயிருந்தால் கணக்குத் தப்பிவிடும்.

முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தாணுவின் கார் நூறு சதவீதத்தில் நின்றது. ஒருமுறை நிறைத்தால் முந்நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் என்று கம்பெனிக் காகிதத்தில் போட்டிருக்கிறது. "அது ஆளு ஏறாம, ஏசி போடாம, மேடும் இல்லாம ஓட்டினா உள்ள கணக்காக்கும் அண்ணாச்சி. நமக்கு இருநூறு கிடைச்சா கொள்ளாம்" என்றார் தாணு. எனக்கு இது புரிந்தது. அணைக்கும் காகிதத்தில் ஒரு கொள்ளளவு உண்டு, அடியில் சேறு கிடப்பதை யாரும் காகிதத்தில் எழுதுவதில்லை. இருபதுக்குக் கீழே இறங்க விடக்கூடாது என்று இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு புறப்பட்டோம். நான் முன்னால், சத்தியபாயும் ஜெஸ்மியும் பின்னால், மடியில் கார்டுகள். ஜெஸ்மிக்கு இந்தச் சோதனையில் விருப்பமில்லை. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் ஒரு நாளைக்கு நூறு பேருக்கு ஊசி குத்திச் சோதிக்கிறாள், வீட்டிலும் சோதனை வேண்டுமா என்பது அவள் கட்சி. ஒவ்வொரு வீட்டிலும் நான் நோட்டை எடுக்கும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் மூன்று வீடுகளிலேயே ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. கார் ஓடும்போது குறைய வேண்டிய அளவுதான் குறைகிறது. ஆனால் ஒரு வீட்டுக்குப் போய் நிற்கும்போது இருக்கும் எண்ணும், அந்த வீட்டிலிருந்து புறப்படும்போது இருக்கும் எண்ணும் ஒன்றாக இல்லை. நடுவில் ஒன்று, ஒன்றரை காணாமல் போகிறது. அணையில் இப்படி ஆனால் எங்கோ கசிவு என்று அர்த்தம். தாணுவிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். சொல்லத் தெரிந்தும் சொல்ல மாட்டாத பார்வை அது. நான்காவது வீட்டில் நானே கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தபிறகு கசிவு எங்கே என்று பிடிபட்டது. கசிவு ஜெபத்தில் இருந்தது.

நம் ஆட்கள் வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதானே. கார்டை வாங்கி, சாயா கொடுத்து, விசாரித்து முடித்து, நாம் எழுந்து காரில் ஏறியபின்தான் வீட்டுப் பெரியவருக்கு ஜெபம் பண்ணாமல் விட்டது ஞாபகம் வரும். வீட்டார் அத்தனைபேரும் காரைச் சுற்றி நிற்பார்கள். பெரியவர் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு தலையை உள்ளே நீட்டி ஆரம்பிப்பார். கல்யாணப் பெண்ணுக்காக, மாப்பிள்ளைக்காக, இரு வீட்டாருக்காக, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக, ரப்பர் விலைக்காக. பெட்ரோல் கார் என்றால் எஞ்சின் சத்தம் கேட்கும், யாராவது "வண்டியை ஆஃப் பண்ணுப்பா" என்று சொல்வார்கள். எலெக்ட்ரிக் காருக்குச் சத்தம் கிடையாது. அது நிற்கிறதா, இயங்குகிறதா என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. உள்ளே ஏசி முழு வேகத்தில் ஓடுகிறது, கதவோ திறந்து கிடக்கிறது, பெரியவருக்கு முகத்தில் குளிர்காற்று அடிக்கிறது. நல்ல வெயிலில் நின்று ஜெபிக்கிறவருக்குக் குளிர்காற்று கிடைத்தால் ஏன் சுருக்கமாக முடிப்பார்? சராசரி பதினொரு நிமிடம். அருமனையில் ஒரு வீட்டில் பத்தொன்பது.

ஏன் ஆஃப் பண்ணவில்லை என்று தாணுவிடம் பிற்பாடு கேட்டேன். "பட்டனை அமுக்கினா அது ஒரு பாட்டுப் பாடும் அண்ணாச்சி. நீங்க ஒக்க கண்ணடச்சு சாமி கும்பிடுத நேரம் நான் எப்படி அமுக்குவேன்? வேற மதக்காரன் இடையில புகுந்து கெடுத்தான்னு வரப்படாதுல்லா" என்றார். அவர் சொன்னது நியாயம். பாவம், அவர் கைகூப்பிக்கொண்டு, கண்ணை மூடாமல், எதிரே திரையில் எண் இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழாவது வீட்டில் அவருக்குக் கண் கலங்கியே விட்டது. அந்த வீட்டுப் பெரியவர் ஆமென் சொல்லி நிமிர்ந்ததும் அதைப் பார்த்துவிட்டு, "இந்தத் தம்பிக்கு உள்ள பக்தி நம்ம பிள்ளைகளுக்கு இல்ல பாத்தியளா" என்று சொல்லி, தாணுவுக்காகத் தனியாக நான்கு நிமிடம் ஜெபித்தார்.

பேச்சிப்பாறைக்கு மேலே எஸ்டேட்டிலிருந்து இறங்கும்போது ஒரு நல்ல காரியமும் நடந்தது. இறக்கத்தில் கார் தானே மின்சாரம் சேர்த்துக்கொள்ளும் என்று தாணு சொல்லியிருந்தார், நான் நம்பவில்லை. கண்ணெதிரே ஐம்பத்தெட்டு ஐம்பத்தொன்பது ஆயிற்று. மேலே மழை பெய்து அணைக்கு வரத்து கூடியதுபோல எனக்குச் சந்தோஷம். தாணு காரை ஓரத்தில் நிறுத்தி அந்த ஐம்பத்தொன்பதைப் போட்டோ எடுத்தார். அடுத்த வீட்டில் ஆமென் வருவதற்கு முன்பே அந்த ஒன்று போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நின்றபோது திரையில் இருபத்துநான்கு இருந்தது. எழுபத்தாறு செலவு. அதில் ஓடிய வகையில் ஐம்பத்தெட்டு, ஜெபித்த வகையில் பதினெட்டு.

இப்போது அடுத்த சனிக்கிழமை. நீங்கள் கோபப்பட்டது இதற்காகத்தான் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். போன வாரம் கார்டு கொடுத்த வீட்டுக்கு இந்த வாரமும் ஏன் வந்தோம் என்று கேட்டால் என்ன சொல்வது என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. கார் சோதனைக்காக என்று உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றேன். சத்தியபாய், "மாப்பிள்ளைக்கு காரு குடுக்கப் போறோம், அதுக்காக்கும் வந்தோம்ணு பதினாலு வீட்டுலயும் சொல்லீற்று நடக்கணுமா? எனக்கு நாணக்கேடா இருக்கு" என்றாள். கடைசியில், கார்டில் போட்டிருக்கும் நேரம் சரிதானா என்று உறுதிசெய்ய வந்தோம் என்று சொல்வதாக முடிவாயிற்று. சரியாக இருக்கிற நேரத்தைச் சரி என்று சொல்ல ஒரு குடும்பமே கிளம்பி வந்ததை யாரும் நம்பவில்லை. சாயா கொடுத்தார்கள், ஆனால் மிக்சர் வரவில்லை. இரண்டாவது வீட்டில் ஜெஸ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா, "மக்கா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று கண்ணைத் துடைத்தார்கள். ஐந்தாவது வீட்டில் முதல் வட்டம் ஒரு பெரிய பலாச்சக்கையை டிக்கியில் ஏற்றிவிட்டிருந்தார்கள், பன்னிரண்டு கிலோ இருக்கும். இந்த வட்டம் ஏற்றவில்லை. பாரம் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக, "சக்கை உண்டா?" என்று நானே கேட்க வேண்டியதாயிற்று. உண்டு என்று கொடுத்தார்கள். அதன்பின் எட்டாவது வீடுவரை சத்தியபாய் என்னோடு பேசவில்லை. ஒன்பதாவது வீடு உங்கள் தங்கை வீடு. அங்கே என்ன நடந்தது என்பது அவர்கள் போனில் சொல்லி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பெட்ரோல் காரின் நடத்தை வேறு மாதிரி இருந்தது. ஆன்ட்ரூஸ் பதினெட்டு வருஷம் குவைத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர், பெட்ரோலைத் தவிர வேறு எதிலும் நம்பிக்கை கிடையாது. எஸ்டேட் இறக்கத்தில், "பாத்தியளா அத்தான், எனக்க காருல பெட்ரோலு ஏறாது. ஆனா ஒருத்தன் கண்ணீரு விட வேண்டிய காரியமும் இல்ல" என்றார். ஜெபம் தொடங்கினால் உடனே சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிடுவார், அது அவருடைய மரியாதை. எஞ்சின் நின்றால் ஏசியும் நிற்கும். ஏசி நின்றால் தலையை உள்ளே நீட்டியவருக்கு வேர்க்கும். போன வாரம் பதினொரு நிமிடம் ஜெபித்த அதே ஆட்கள் இந்த வாரம் மூன்றரை நிமிடத்தில் முடித்தார்கள். பத்தொன்பது நிமிடக்காரர் நான்கு. வெளிநாட்டுப் பிள்ளைகளும் ரப்பர் விலையும் விடுபட்டுப் போயின. இரண்டாம் வட்டம் வந்ததில் எங்கள்மேல் இருந்த சந்தேகமும் ஒரு காரணமாக இருக்கலாம், அதைப் பிரித்தெடுக்க என்னிடம் அளவுகோல் இல்லை.

முடிவுகளைச் சொல்கிறேன். எலெக்ட்ரிக் காரை மறுபடி நிறைக்கத் தாணு வீட்டு மீட்டரில் ஏறக்குறைய இருபத்தொரு யூனிட் ஓடியது. அவர் வீட்டுக்கு வரும் பில்லைப் பார்த்து நாங்கள் போட்ட கணக்கில் நூற்றுத் தொண்ணூறு ரூபாய்க்குள். பெட்ரோல் எட்டு லிட்டரும் கொஞ்சமும், எண்ணூற்று ஐம்பது ரூபாய்க்குள். அதாவது கிலோமீட்டருக்கு எலெக்ட்ரிக் ஒன்றே முக்கால் ரூபாய்க்கும் குறைவு, பெட்ரோல் ஏழரை ரூபாய். பழைய கார் என்பதால் பெட்ரோலுக்கு ஒரு சலுகை வேண்டும் என்று ஆன்ட்ரூஸ் வாதாடுகிறார், அதையும் குறித்துவைத்திருக்கிறேன். இனி ஒருமுறை நிறைத்தால் எவ்வளவு தூரம் என்பது. பெட்ரோல் காருக்கு அதில் பிரச்சினை இல்லை, ஐந்நூறு போகும், தீர்ந்தால் அடுத்த வளைவில் பம்ப் உண்டு. எலெக்ட்ரிக் காருக்குக் காகிதத்தில் முந்நூற்றுப் பதினைந்து, ஜெபமில்லாமல் நூற்றுத் தொண்ணூற்று மூன்று, ஜெபத்தோடு நூற்று நாற்பத்தேழு. உங்கள் குடும்பம் எவ்வளவு ஜெபிக்கும் குடும்பம் என்பது எனக்குத் தெரியாததால் இதில் மட்டும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. மொத்தத்தில் செலவுக்கு எலெக்ட்ரிக், தூரத்துக்குப் பெட்ரோல், ஆவிக்குரிய வளர்ச்சிக்கு எலெக்ட்ரிக்.

ஆகவே எலெக்ட்ரிக் கார் என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்கான ஏற்பாடும் நடக்கிறது. களியலில் சத்தியபாயின் பேரில் முப்பது சென்ட் ரப்பர் தோட்டம் இருக்கிறது, எங்கள் கல்யாணத்தில் அவளுடைய அப்பா கொடுத்தது. அதை ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார், விலை ஒத்துவந்துவிட்டது, நாளை வியாழக்கிழமை முன்பணம் வாங்குகிறோம். திங்கட்கிழமையிலிருந்து சத்தியபாய் தினமும் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய்வருகிறாள். பால் எடுக்கும் நாளில்கூட இப்படிப் போனதில்லை. அங்கே போய் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "சும்மா மரத்துக்க இடையில நடந்தேன்" என்றாள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆகையால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இதுதான் இருமுறை போனதற்கான விளக்கம். திருவட்டாற்றில் உங்கள் தங்கையிடமும் இதை வாசித்துக் காட்டினால் நன்றாயிருக்கும். சக்கை கேட்டது நான்தான், ஜெஸ்மிக்கு அதில் பங்கில்லை. இரண்டாம் ஓலையும் மூன்றாம் ஓலையும் இருமல்கூட இல்லாமல் வாசிக்கப்படவும், உங்கள் கடையில் இரும்பும் வீட்டில் சமாதானமும் குறையாதிருக்கவும், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் நீண்ட ஆயுசு கிடைக்கவும் நானும் சத்தியபாயும் தினமும் மன்றாடுகிறோம், நிறுத்தி வைத்த வண்டியில் அல்ல, வீட்டுக்குள்ளேயே. அம்மாவுக்கு எங்கள் வந்தனம் சொல்லவும்.

தங்கள் உண்மையுள்ள,
ஏசுஅடிமை.

பி.கு.: இதைக் கவரில் போட்டு ஒட்டப் போகும்போது வாசலில் உங்கள் மகன் ஷிஜின் வந்து நின்றார். பேங்க் முடிந்ததும் நாகர்கோவிலில் ரயில் ஏறி வந்ததாகச் சொன்னார். அப்பா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் யாரோடும் பேசவில்லை, என்னவாக்கும் விஷயம் என்று நேரில் கேட்டுப்போக வந்தேன் என்றார். நான் வாயால் சொல்வதற்குப் பதிலாகக் கடிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவர் மேஜையில் உட்கார்ந்து வாசித்தார். தாணு அழுத இடத்தில் சிரித்தார். தோட்டம் வந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டார்.

ஜெஸ்மி அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்திருந்தாள். அவளும் வாசித்துவிட்டு என் நோட்டைக் கேட்டாள். "அப்பா, மின்சாரம் எழுதியாச்சு, பெட்ரோல் எழுதியாச்சு, ஜெபம்கூட எழுதியாச்சு. காருக்க விலை எங்க?" என்று கேட்டாள். உண்மையாகவே எனக்கு அது தோன்றவில்லை. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று ஒரு மாதமாகக் கணக்குப் போட்டவன், கொடுப்பது என்று ஆனபின் விலையை யார் எழுதுவார் என்று விட்டுவிட்டிருக்கிறேன். அவள் ஷிஜினிடம், "வீட்டுல இருந்து பேங்குக்கு எத்தன தூரம்?" என்று கேட்டாள். ஒன்றரை கிலோமீட்டர், ஸ்கூட்டரில் போய்வருகிறேன் என்றார் அவர். கோவில், கடை, ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர், பத்து வருஷத்துக்கு முப்பதாயிரம் என்று போட்டாள். தோட்டத்தை விற்று வாங்கவிருந்த காரின் விலை பதின்மூன்று லட்சத்தை அதால் வகுத்து, என் கணக்குக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தாள். 'அம்மாக்க தோட்டம், கிலோமீட்டருக்கு ரூ. 43.' அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் அளவு எழுதிய நோட்டில் இப்படி ஒரு வரியை நான் விட்டதில்லை. சத்தியபாய் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெஸ்மி அவரிடம், "காரு நீங்க கேட்டதா?" என்றாள்.

"நான் கேக்கல்ல. அப்பா கேட்டது."

"வேண்டாம்ணு சொன்னியளா?"

"அதும் சொல்லல்ல" என்றார். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு என்னிடம், "மாமா, எனக்கு காரு வேண்டாம். நாளைக்கு முன்பணம் வாங்காதீங்க. இதை அப்பாட்ட நீங்களே எழுதீருங்க, எனக்கு சொல்ல ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

"அப்பா எழுத மாட்டாவ. நீங்க எழுதுங்க" என்றாள் ஜெஸ்மி. "இல்லேண்ணா வாற ஞாயிறு ரெண்டாம் ஓலை வாசிச்சு, தடை உண்டாண்ணு அய்யர் கேக்கும்போ நானே எழும்பி நிப்பேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஊசி குத்துவதற்கு முன் விரல்களை மடக்கச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவள் எழும்புவாள் என்பதில் எனக்கோ சத்தியபாய்க்கோ ஷிஜினுக்கோ சந்தேகம் வரவில்லை. ஷிஜின் என் பேனாவை வாங்கினார். இந்தத் தாளின் அடியில் அவர் முதலில் எழுதினார், மேலே விட்ட இடத்தில் நான் இதைப் பிறகு எழுதுகிறேன், எழுத்து நெருக்கமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். எழுதி முடித்து அவர் ரயிலுக்கு எழுந்தபோது சத்தியபாய் வந்து அவர் தலையில் கை வைத்து ஜெபித்தாள். நேரம் பார்த்தேன், பதினான்கு நிமிடம். மின்சாரமோ பெட்ரோலோ செலவாகவில்லை. ரயில் மட்டும் போய்விட்டது, பஸ் ஏற்றிவிட்டோம்.

ஆகவே மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் சரியானவை, ஆனால் கார் இல்லை. தோட்டம் விற்கப்படவில்லை. சத்தியபாய் நாளையும் அங்கே போகிறாள், நானும் கூடப் போகிறேன். கல்யாணத்தில் மாற்றம் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு நான் முன்பு எழுதிய பதிலை அடித்துவிட்டு, கீழே உள்ளதைப் பதிலாக வாசித்துக்கொள்ளவும்.

*அப்பாவுக்கு, எனக்குக் கார் வேண்டாம். அன்றே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் தண்ணீர் குடித்த நேரத்திலேயே சொல்லியிருக்கலாம். கல்யாணம் குறித்த நாளில். ஷிஜின்.*

மேற்படி கையெழுத்து என் முன்னிலையில், புதன்கிழமை மாலை ஏழு பத்துக்கு இடப்பட்டது. ஏசுஅடிமை.